அங்கம்மா காய்ச்சிய குங்கிலியம்

பிரசவ அறைக்குள் அங்கம்மா பயந்ததாக யாரும் சொன்னதில்லை. பாரிவாக்கத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பதினாறு வருஷமாகப் பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். கொடி சுற்றிக்கொண்ட பிள்ளை, குறுக்கே கிடந்த பிள்ளை என்று எல்லாவற்றையும் பார்த்த கை. அப்படிப்பட்டவளை 1943-ம் வருஷத்துப் புரட்டாசியில் ஒரு மண்சட்டி ஆட்டிவைத்தது. 

சட்டியில் காய்ந்தது குங்கிலியப் பிசின்தூளும் எண்ணெயும். கொல்லையில் அவள் புருஷன் அய்யாசாமி கட்டிக்கொண்டிருந்த படகுக்கு அதுதான் பூச்சு.

படகு எதற்கு என்றால், கொல்லைமேட்டுக்காக. ஏரிக்கு அந்தப் பக்கம் இருபது குடிசை உள்ள இடம் அது. கோடையில் கால்மணி நேரத்தில் நடந்து போய்விடலாம். மழை பிடித்துக்கொண்டால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஏரியின் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழிந்து ஓடும் ஓடை, நடுவே அந்த மேடு மட்டும் தனியாக நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு கார்த்திகையில் ராஜம்மா என்ற பெண்ணுக்கு அங்கே வலி கண்டது. தகவல் தெரிந்து அங்கம்மா ஓடிவந்து கரைமேல் நின்றாள். தண்ணீரைத் தாண்ட வழியில்லை. எதிர்க்கரையில் யாரோ வெள்ளைத் துணியை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து அவள் நனைந்தபடி நின்றாள். பிற்பகலில் துணி ஆட்டுவது நின்றுபோயிற்று. தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று.

அந்த ராஜம்மாவின் தங்கை முத்தம்மாளுக்கு இந்த வருஷம் ஐப்பசியில் நாள். கேள்விப்பட்ட அன்றைக்கே அங்கம்மா புருஷனிடம் சொன்னாள்.

“ஒரு படகு செஞ்சி குடுய்யா.”

“நான் பட்டறையில மரம் அறுக்கிறவன்மே. படகப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?”

“பாத்திருக்கியே.”

பார்த்திருந்தான். பூந்தமல்லி வண்டிப்பட்டறைக்கு மரம் ஏற்றிவர அவன் பட்டணத்துக் கால்வாய்க்கரைக்குப் போவது உண்டு. அங்கே படகுகளைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்ப்பதை நின்று பார்த்திருக்கிறான். புயலில் சாய்ந்த ஒரு மாமரத்தை அவனே பலகையாக அறுத்தான். வளைந்த வேலங்கிளைகளைத் தேடி வெட்டி விலாச்சட்டம் ஆக்கினான். ஆடி, ஆவணி இரண்டு மாதமும் பட்டறை விட்டு வந்த பிறகு, வெளிச்சம் இருக்கும்வரை கொல்லையில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆள் நான்கு பேர் உட்காரும் அளவுக்கு ஒரு படகு உருவாயிற்று.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அதில் பஞ்சுத் திரியை வைத்து மழுங்கிய உளியால் தட்டி இறக்கி, மேலே குங்கிலியக் குழம்பைச் சூடாக ஊற்றவேண்டும். வெயிலில், பலகை காய்ந்திருக்கும்போதுதான் செய்யவேண்டும். பகலில் அய்யாசாமி பட்டறைக்குப் போய்விடுவான். ஆகவே அந்த வேலை அங்கம்மாவின் தலையில் விழுந்தது. பிரசவ வீட்டில் புகை போட்டுப் போட்டுக் குங்கிலியம் அவளுக்குப் பழகிய பொருள்தான். புகை போடுவது வேறு, இது வேறு என்று முதல்நாளே தெரிந்துவிட்டது.

கால்வாய்ப் படகுக்காரர் ஒருவர் அய்யாசாமியிடம் சொல்லியனுப்பிய கணக்கு இதுதான்: மூன்று கைத் தூளுக்கு ஒரு கை எண்ணெய். யாருடைய கை என்று அவர் சொல்லவில்லை. அங்கம்மா தன் கையால் அளந்து காய்ச்சினாள். ஆறியதும் அது கண்ணாடிபோல இறுகி, சுத்தியால் பக்கத்தில் தட்டியதும் சில்லுச் சில்லாகத் தெறித்தது. மறுநாள் எண்ணெயைக் கூட்டினாள். அது மூன்று நாள் ஆகியும் இறுகவில்லை. தொட்டால் விரலோடு நூல்நூலாக வந்தது, எறும்பும் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டன. இரண்டையும் அவள் சுரண்டி எடுக்கவேண்டியதாயிற்று. தீ ஒருதடவை கூடிப்போய்ச் சட்டி நுரைத்துப் பொங்கி, குப்பென்று பற்றிக்கொண்டது. ஈரச்சாக்கை எடுத்து வீசி அமர்த்தினாள். புருவம் பொசுங்கியது.

அதன்பிறகு கையை நம்புவதை விட்டுவிட்டாள்; கையில் தூள் குவிந்து நிற்கும், எண்ணெய் வழிந்துவிடும். ஆழாக்கை எடுத்தாள். அதிலும் தூளைச் சும்மா கொட்டி அளந்தால் ஓர் அளவு, தட்டி அளந்தால் ஓர் அளவு. தட்டித்தான் அளப்பது என்று வைத்துக்கொண்டாள். எண்ணெயை முதலில் காயவைத்து, தூளைச் சிறுகச் சிறுகப் போட்டு, அடியிலிருந்து புரட்டிக் கிண்டினாள். அடியில் தங்கும் தூள் கரையாவிட்டால் மேலாக ஊற்றுவதெல்லாம் வெறும் எண்ணெய்தான். அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். பிறகு ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, எடுத்து நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். நொறுங்கினால் எண்ணெய் போதாது. நகத்தோடு இழுத்துக்கொண்டு வந்தால் தூள் போதாது. தோல்வார் மாதிரி வளைந்து கொடுத்தால் சரி. சரியாக வந்தால்தான் கொட்டாங்கச்சி அகப்பையால் அள்ளி ஊற்றுவாள். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காய்ச்சுவாள். நிறையக் காய்ச்சினால் பாதி ஊற்றுவதற்குள் சட்டியிலேயே இறுகிவிடும்.

இப்படியே பன்னிரண்டு நாளில் எல்லா இணைப்பும் முடிந்தது. ஒன்றே ஒன்று பாக்கி. படகின் பின்பாதியில், இடது பக்கம், அடிப்பலகையும் பக்கப்பலகையும் சேரும் இடத்தில் ஒரு முழ நீளம்.

தூள் ஒன்றரை ஆழாக்குதான் மீந்திருந்தது. கடைக்குப் போனாள். யுத்தத்தினால் கப்பல் சரக்கு வருவதில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார் கடைக்காரர். ஆவடிப் பக்கம் லாரி லாரியாகப் பட்டாளம் போய்க்கொண்டிருந்த காலம். எதைக் கேட்டாலும் அதே பதில்தான். திரும்பி வரும்போது தெற்கே மேகம் கறுத்திருந்தது. இன்றைக்கு விட்டால் பலகை நனைந்துவிடும், பிறகு எப்போது காய்வது?

அங்கம்மா சட்டியை ஏற்றினாள். ஒன்றரை ஆழாக்குத் தூளுக்கு அரை ஆழாக்கு எண்ணெய்தான் கணக்கு. அந்தக் குழம்பு ஒரு முழத்துக்குக் காணாது. அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். மறுபடியும் கொஞ்சம் விட்டாள். நகத்தால் அழுத்திப் பார்க்காமலே ஊற்றிவிட்டாள்.

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் மினுமினுத்தது. மாலையில் அய்யாசாமி வந்து படகைச் சுற்றிவந்தான்.

“ஜோரா கீதுமே. கால்வாய்க்காரன் பாத்தா வாயப் பொளப்பான்.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். குங்கிலியம் வந்ததும் சுரண்டிவிட்டு நல்லதாக ஊற்றிவிடலாம், அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து காலையில் எழுந்ததும் அவள் போகிற முதல் இடம் அதுவாக இருந்தது. குனிந்து அந்த முழத்தில் கட்டைவிரலை அழுத்துவாள். ரேகை அப்படியே பதியும். நேற்று பதிந்த ரேகைக்குப் பக்கத்தில் இன்றைக்கு ஒன்று. நான்கு நாள், ஐந்து நாள், இறுகவே இல்லை. ஏரி ஓரத்தில் அய்யாசாமி படகை இறக்கி ஒருமணி நேரம் மிதக்கவிட்டபோது ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். அங்கம்மாவுக்கு அது நிம்மதியாக இல்லை. சும்மா மிதப்பது ஒன்று, நான்கு பேர் ஏறி ஓட்டத்தில் போவது ஒன்று. இவர்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே நின்றாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்கு மறுபடி இரண்டு தடவை போனாள். சரக்கு வரவில்லை.

மழைதான் வந்தது. ஐப்பசியின் தொடக்கத்தில் பிடித்தது விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் கலங்கல் வழிய ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் காலையில், தலையிலிருந்து கால்வரை சேறாக ஒருவன் வாசலில் வந்து விழுந்தான். முத்தம்மாளின் புருஷன் வரதன். வெட்டிய வாழைமரத்தைக் கட்டிப்பிடித்து நீந்தி வந்திருந்தான்.

“யக்கா, நேத்து சாயங்காலத்துலேந்து வலி. இப்ப ஒரு கால் மட்டும் தெரியுதுன்றாங்க. சீக்கிரம் வாக்கா.”

அங்கம்மா பையை எடுத்தாள். அய்யாசாமி கழியை எடுத்தான். மழையில் மூவரும் படகை இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஏரி மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டதும் அங்கம்மா நின்றுவிட்டாள்.

“இருய்யா. ஒண்ணு சொல்லணும்.”

“போய்கினே சொல்லுமே.”

“போறதுக்கு மின்னாலதான் சொல்லணும். பின்னால எடது பக்கம் ஒரு மொழம். அது சரியா எறுகல. தூள் பத்தல, எண்ணெய ஜாஸ்தி ஊத்திட்டேன்.”

அய்யாசாமி அவளைப் பார்த்தான். குனிந்து அந்த இடத்தில் விரலை வைத்தான். விரல் உள்ளே போயிற்று.

“எப்ப ஊத்தின இத?”

“கடசி நாளு.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

 வரதன் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அண்ணாத்தே, நேரமாவுது” என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

“ஒனக்கு நீச்சல் தெரியாது” என்றான் அய்யாசாமி மனைவியிடம்.

“தெரியாதுதான்.”

“நானும் வரதனும் எப்படியாச்சும் நீஞ்சிருவோம்.”

“நீங்க போயி இன்னாத்துக்கு? பிள்ளைய நான்தான எடுக்கணும்?”

அய்யாசாமி கழியைக் கீழே வைத்தான். மேல்துண்டைக் கிழித்துத் திரியாக முறுக்கி அந்த முழத்தில் திணித்தான். மேலே களிமண்ணை அப்பினான். “குதிகால அதுமேல வெச்சி அழுத்திகினு உக்காரு. எடுக்காதே” என்று மட்டும் சொன்னான். அவளை ஏற்றினான்.

பாதி தூரம்வரை ஒன்றும் ஆகவில்லை. வழக்கமாக நடந்துபோகும் பாதை அடியில் எங்கேயோ இருந்தது. ஓரமாக நின்ற பனைகளில் பாதி மட்டும் வெளியே தெரிந்தன. அய்யாசாமி அந்தப் பனைகளை அடையாளம் வைத்துக் கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினான். கலங்கல் பக்கம் நெருங்கியதும் ஓட்டம் படகைப் பக்கவாட்டில் இழுத்தது. பலகைகள் முனகின. அங்கம்மாவின் குதிகாலுக்கடியில் ஏதோ குளிர்ச்சியாக ஓடியது.

களிமண் கரைந்துபோய்விட்டது. தண்ணீர் மெல்லிய தகடுபோல உள்ளே வந்தது. கூடவே அவள் ஊற்றிய குழம்பும் வெல்லப்பாகு மாதிரி பிதுங்கி வந்தது.

“வரதா, மொண்டு ஊத்து!”

அவன் படகில் கிடந்த ஒரு சட்டியால் மொண்டு மொண்டு வெளியே கொட்டினான். குதிகால் போதவில்லை. அவள் மண்டிபோட்டுக் குனிந்து உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். முதலில் வலது கையைத்தான் வைத்தாள். அடுத்த நொடியே அதை எடுத்துவிட்டு இடது கையை வைத்தாள். வலது கை அங்கே போய்ச் செய்யவேண்டிய வேலை இருந்தது. அதை மரத்துப்போக விடக்கூடாது. அதை முந்தானைக்குள் சுருட்டி வயிற்றோடு வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் கணுக்கால்வரை ஏறியது. இன்னும் எத்தனை பனை என்று நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. எண்ணெயை ஊற்றிய அந்த நொடிதான் திரும்பத் திரும்ப மனசில் வந்தது. கொஞ்சம், மறுபடியும் கொஞ்சம். ராஜம்மாவுக்கு நான் வரவில்லை, இவளுக்கு வந்தும் வராமல் போய்விடுவேனோ என்று நினைத்தாள். மேலே கழி ஊன்றும் சத்தமும், வரதனின் சட்டி பலகையில் உரசும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. இரண்டில் ஒன்று நின்றுவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அடியில் மண் தட்டியது. யாரோ அவளைத் தூக்கி இறக்கினார்கள். இடது கை விறைத்துப்போய் விரல் மடங்க மறுத்தது.

குடிசைக்குள் போனதும் அவள் முதலில் கேட்டது நெருப்பு. சட்டியில் தணல் வந்தது. கையைக் காட்டி, எண்ணெய் தடவித் தேய்த்து, விரலுக்கு உணர்ச்சி வரும்வரை காத்திருந்தாள். அங்கிருந்த பெண்கள் ஏன் தாமதிக்கிறாள் என்று முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. அவசரப்பட்டதன் பலனைத்தான் வழியெல்லாம் கையால் அழுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

முத்தம்மாளின் உதடு வெளுத்திருந்தது. “அக்கா, எங்க அக்கா மாதிரி ஆயிடுமா?” என்றாள்.

“எனக்குத் தெரியலடி கண்ணு. நான் கீறேன். நான் சொல்றப்போ மட்டும் முக்கு.”

ஒரு கால் கீழே, ஒரு கால் உள்ளே மடிந்து கிடந்தது. மடிந்த காலை அவள் விரல் தேடிப் பிடித்தது. இடுப்பு வந்தது, தோள் வந்தது. தலை நின்றது. வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. அங்கம்மா இழுக்கவில்லை. பிள்ளையின் வாய்க்குள் ஒரு விரலை விட்டுத் தாடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த வலிக்காகக் காத்திருந்தாள். வலி வந்தது. தலையும் வந்தது.

பெண்பிள்ளை. நீலம் பாரித்துப்போயிருந்தது, சத்தம் இல்லை. தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்த்தாள், வாயை உறிஞ்சித் துப்பினாள், மறுபடி தேய்த்தாள். எவ்வளவு நேரம் என்று பிறகு கேட்டபோது அவளால் சொல்லமுடியவில்லை. பிள்ளை பூனைக்குட்டிபோல ஒரு தடவை முனகியது. அப்புறம் வீறிட்டது.

பயம் அதோடு தீரவில்லை. முத்தம்மாளுக்கு உதிரம் நிற்கச் சாயங்காலம் ஆயிற்று. அதுவரை அங்கம்மா அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் அய்யாசாமி உட்கார்ந்திருந்தான். படகை மேட்டில் ஏற்றிக் கவிழ்த்து, அந்த முழம் முழுவதும் சுரண்டிப்போட்டிருந்தான். சுரண்டி எடுத்ததை எலுமிச்சம்பழ அளவு உருட்டிக் கையில் வைத்திருந்தான். அதை அவளிடம் நீட்டினான்.

“பாரு. இன்னும் களியாத்தான் கீது.”

“பாத்தேன்யா.”

“செத்திருப்போம். மூணு பேரும். உள்ள கீறவளும்.” அவன் உருண்டையைத் தரையில் போட்டான். “எண்ணெய் ஜாஸ்தியானதுக்குக் கோவம் இல்லமே. எங்கிட்ட சொல்லலியே. பத்து நாளா ஒண்ணா சோறு துன்னோமே.”

அங்கம்மா அழுதாள். பதினாறு வருஷத்தில் ஒரு பிரசவ வீட்டு வாசலில் அவள் அழுதது அன்றைக்குத்தான். உள்ளேயிருந்த பெண்கள் முத்தம்மாளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறி ஓடிவந்தார்கள்.

மழை அடங்கித் தண்ணீர் வடிய எட்டு நாள் ஆயிற்று. அதுவரை இருவரும் கொல்லைமேட்டிலேயே இருந்தார்கள். அந்த மழையில் பட்டணத்திலேயே கூவம் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அய்யாசாமி மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் கஞ்சி போதுமா என்று கேட்டான். திரும்பி வரும்போது படகை அங்கேயே விட்டுவிட்டு நடந்துதான் வந்தார்கள்.

தை மாதம் கடையில் குங்கிலியம் வந்தது. படகை வண்டியில் ஏற்றித் தங்கள் கொல்லைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கம்மா ஓர் இணைப்போடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து செய்தாள். ஒரு சட்டி கொஞ்சம் நெகிழ்ந்து வந்தபோது, “மேல்பலகைக்கு ஊத்திக்கலாமே, இன்னா இப்ப?” என்று அய்யாசாமியே சொன்னான். அவள் அதைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தாள். அதன்பிறகு நான்கு மழைக்காலத்தில் பதினொரு தடவை அந்தப் படகில் போய்வந்தாள். ஒரு தடவைகூடத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஒரு தடவைகூட அவள் நிம்மதியாக உட்கார்ந்து போனதும் இல்லை.

மூன்றாம் வருஷம் கொல்லைமேட்டுக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு படகு கட்டினார்கள். பூச்சுக் காய்ச்ச அங்கம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். பிள்ளை பெற வேண்டியவர்கள் யாரும் இல்லாத வாரமாகப் பார்த்துப் போய், ஐந்து நாள் தங்கினாள். சட்டி அடுப்பில் இருக்கும்போது யாரையும் பேசவிடவில்லை. முத்தம்மாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து எட்டிப்பார்த்து, “இன்னாக்கா, பிரசவத்துக்குக்கூட நீ இப்படி மொறைக்க மாட்டியே” என்று சிரித்தாள்.

“பிரசவத்துல ஆத்தாளும் பிள்ளையும் பாதி வேல செஞ்சிருவாங்கடி” என்றாள் அங்கம்மா, கிண்டுவதை நிறுத்தாமல். “இதுல எல்லாம் நம்ம கைதான். தள்ளி நில்லு, பிள்ள மேல தெறிக்கும்.”